முன்னூற்று நாலுக்கு மேக்கப்

அவளை ஹோட்டலில் எல்லாரும் மேக்கப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்குப் பவுடர்கூடப் போடாதவள் அவள். "வேர்வையில ஓடிப்போறதுக்கு எதுக்கு வெட்டி வேலை?" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு அந்தப் பேர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை, வேலையை விட்டு வருஷக்கணக்காகியும், அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே நாலு மாடி ஹோட்டல் அது. புருஷன் வேலை பார்த்த அச்சகம் மூடிவிட்டதால், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தாள். எட்டாவது வரை படிப்பு. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். சேர்ந்த முதல் வாரம், முன்னூற்று நாலாம் அறைக் கதவின் பிடியில் ஒரு பச்சை அட்டை தொங்கியது. 'ப்ளீஸ் மேக்கப் மை ரூம்.' இரண்டு தடவை படித்தாள். நேரே சூப்பர்வைசர் அம்மாவிடம் ஓடினாள்.

"அம்மா, முன்னூத்தி நாலுல மேக்கப் போடச் சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் வராதும்மா. பார்லர்லேர்ந்து யாரையாவது வரச் சொல்லுங்க."

சிரிக்கவே தெரியாது என்று பேர் வாங்கிய சூப்பர்வைசர் அம்மாவுக்கு அன்று சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்கிற அட்டையாம் அது. சாயங்காலத்துக்குள் லாண்டரி, சமையலறை, வாசலில் நிற்கும் காவலாளி என்று எல்லாருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. பேரும் நிலைத்தது.

அவளோடு ஜோடியாக வேலை பார்த்தவள் நெட்டை. கதவு நிலையில் தலை இடிக்குமோ என்று குனிந்தே நுழைகிற உயரம். அப்பா இருந்தவரை நல்ல ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவர் போன பிறகு படிப்பும் நின்றது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நெட்டை, இந்தப் பக்கம் மேக்கப். நடுவில் வெள்ளைப் பெட்ஷீட்.

"இப்ப நாம செய்யறதுக்கு மேக் த பெட்னு பேரு" என்றாள் நெட்டை.

"கட்டிலைச் செய்யறதா? நாம என்ன தச்சு வேலைக்கா வந்திருக்கோம்?"

"அய்யோ, அந்த மேக்குக்கு ஒரு அர்த்தம்னு நினைச்சியா? டீ போட்டா மேக். சத்தம் போட்டா மேக். தப்பு பண்ணினா மேக். காசு சம்பாதிச்சாலும் மேக்தான்."

"அந்தக் கடைசி மேக்கை மட்டும் எங்க வீட்டுப் பக்கம் அனுப்பி வை, புண்ணியமாப் போகும்."

"நம்ம 'போடு' மாதிரின்னு வெச்சுக்கயேன். சட்டையும் போடறோம், சண்டையும் போடறோம், டீயும் போடறோம். யாராவது குழம்பறோமா?"

மேக்கப்புக்கு அது சட்டென்று பிடிபட்டது. அதிலிருந்து ஒரு கட்டிலை விரித்து முடிப்பதற்குள் ஒரு புது மேக் என்று கற்றுக்கொண்டாள். ஒரு நாள் காலையில் ஒரு பெரியவர் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடினார். "ஐ வோன்ட் மேக் இட்!" என்று கத்தினார். ஐயா ஏதோ செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, மேக்கப் ஆறுதலாகச் சொன்னாள்: "நோ ப்ராப்ளம் சார். வீ மேக் இட்." அவர் அந்த அவசரத்திலும் நின்று, விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் போனார். ரயிலைப் பிடிக்க முடியாது என்று சொன்னாராம். நெட்டை விளக்கியதும் மேக்கப் தலையில் அடித்துக்கொண்டாள்.

அறைகளைப் பார்த்தே தங்கினவர்களைப் பற்றிக் கதை கட்டுவதில் நெட்டையை மிஞ்ச ஆளில்லை. சோப்பைப் பிரிக்காமலே போனவர் தலைமறைவுக் குற்றவாளி. இரண்டு தலையணைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தூங்கினவருக்கு வீட்டில் மரியாதை கிடையாது. "இப்படி இல்லாததைக் கட்டிவிடறதுக்கும் மேக்கப்னுதான் சொல்லுவாங்க" என்றாள் ஒரு நாள். "அப்ப என் பேரை நீ எடுத்துக்கோ" என்றாள் இவள்.

நல்லாப் போய்க்கொண்டிருந்தது. ஒரு புது மேனேஜர் வந்தார். அவரை வரவேற்க மாடி ஹாலில் எல்லாருக்கும் டீ. மேக்கப்பின் மகள் பள்ளி விட்டு வந்து அம்மாவோடு ஓரமாக நின்றிருந்தாள். நெட்டை ஏதோ உற்சாகத்தில் பச்சை அட்டைக் கதையை நடித்துக் காட்டினாள். குரலை இழுத்து, இல்லாத புடவை முந்தானையை இடுப்பில் செருகி, பார்லர்காரங்களைக் கூப்பிடச் சொல்லி. ஹாலே குலுங்கியது. மேக்கப்பும் எப்போதும்போல் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். குனிந்து மகளைப் பார்த்தாள். மகள் சிரிக்கவில்லை. செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் சிவந்திருந்தது.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. ஒற்றை ஆளாக அந்தப் பெரிய பெட்ஷீட்டை உதறி விரிக்க முடியாதே. நெட்டை இரண்டு நாள் வலிய வந்து பேசிப் பார்த்தாள். "எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், நீயே சிரிச்சிருக்க!" என்றாள். மேக்கப் தலையணைக்கு உறை மாட்டப் போய்விட்டாள். நெட்டையும் வாயை மூடிக்கொண்டாள். மாசம் ஒன்று இப்படியே ஓடியது. அறைகள் சீக்கிரமாகவே முடிந்தன. வீட்டுக்குப் போகும்போதுதான் உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது மேக்கப்புக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேக்கப்பின் வீட்டுக் கதவைத் தட்டியது நெட்டை. குனிந்து உள்ளே வந்தாள். மேக்கப்பைப் பார்க்கவில்லை. மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தது.

"அன்னிக்கு உங்கம்மாவை நான் அப்படிக் கிண்டல் பண்ணியிருக்கக் கூடாதும்மா. உன்கிட்டதான் சொல்லணும்னு தோணிச்சு. வந்தேன்."

மகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "எங்கம்மாவுக்கு நீங்க சொல்லிக் கொடுத்ததையெல்லாம் எனக்கு வந்து சொல்வாங்க, அத்தை. இப்ப ஒரு மாசமா எதுவுமே சொல்லலை."

மேக்கப் அடுப்படிக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீயோடு திரும்பி வந்தாள். நெட்டை கையில் டம்ளரைத் திணித்துவிட்டு, "சண்டை போட்டவங்க இப்படி ராசியாகறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள்.

நெட்டை தயங்கினாள். "சொன்னா அடிப்ப."

"சொல்லுடி."

"அதுவும் மேக்கப்தான்."

டீ புடவையெல்லாம் சிந்துகிற அளவுக்கு மூன்று பேரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு அவர்கள் பிரியவே இல்லை. மகள் படித்து, வேலைக்குப் போனாள்; அவளுக்கென்று ஒரு குடும்பமும் ஆயிற்று. நெட்டைக்கு முதுகு லேசாக வளைந்து, கதவு நிலையைப் பற்றிய பயம் போயிற்று. கடைசியில் ஹோட்டலை யாரோ வாங்கி, இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். கடைசி நாள் மதியம் ஓர் அறையிலும் ஆளில்லை. இரண்டு பேரும் சாவிகளை ஒப்படைக்கும் முன்னால் மூன்றாவது மாடியை ஒரு சுற்று பார்த்தார்கள். ரயில் நிலையத்தைப் பார்த்த ஜன்னலுள்ள ஓர் அறையில், முந்தின நாள் அவர்களே விரித்த படுக்கை அப்படியே இருந்தது.

"இத்தனை வருஷத்துல இதுல ஒரு தடவையாவது உட்கார்ந்திருக்கமா?" என்றாள் நெட்டை.

"உட்கார்ந்தா வேலை போயிடும்னு பயம்."

"இப்ப என்ன போயிடப் போவுது?"

நெட்டை பொத்தென்று விழுந்தாள். "அம்மாடி, இவ்வளவு மெத்துன்னா இருக்கு!" மேக்கப் செருப்பைக் கழற்றிவிட்டு, சும்மா ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு அவளும் சாய்ந்தாள். மேலே கூரையில் தண்ணீர் ஊறிய கறை ஒன்று, காது நீண்ட முயல் மாதிரி இருந்தது. தங்கினவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள். இவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

கீழே ஒரு ரயில் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும் வரை இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். பிறகு எழுந்தார்கள். கசங்கிக் கிடந்த பெட்ஷீட்டின் நுனியைப் பிடிக்க மேக்கப்பின் கை தானாகப் போயிற்று. நெட்டை அந்தக் கையைப் பிடித்து, "விடு, கிடக்கட்டும்" என்றாள்.

அப்படியே விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்கள். லிஃப்டை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படியிறங்கினார்கள்.