பின் சீட்டில் ஒரு கிளாஸ் தேத்தண்ணி

1. ரோட்டைப் பார்க்கும் வேலை

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் நான் முதலில் சேர்ந்தது ஆபீஸ் கூட்டவும் தேத்தண்ணி கலக்கவும்தான். ஆறாம் வகுப்புவரை படித்தவள். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. கார்களைக் கழுவி, நகர்த்தி நிறுத்தி ஓட்டப் பழகினேன். பெண் சொல்லிக்கொடுத்தால்தான் பெண்களை வீட்டில் அனுப்புவார்கள் என்று முதலாளி குணா அண்ணன் என்னையும் பரீட்சை எழுத வைத்துச் சிக்கு ஆக்கினார். இங்கே ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம். காரில் எனக்கு வெட்கம் குறையும். சொல்லிக்கொடுப்பவளும் படிப்பவளும் ரோட்டைத்தானே பார்க்க வேண்டும்!

2. நான் செத்த கதை

தொண்ணூறுகளின் கடைசியில், ஆபீஸ் வாசலில் நிறுத்தியிருந்த என் கார் திருடுபோனது. போலீஸில் ரிப்போர்ட் செய்தோம். சில நாள் கழித்துப் பத்து காவான் பக்கம் ஓர் ஏரிக்குள் கிடந்ததைத் தூக்கினார்கள். உள்ளே யாரும் இல்லை. கூரைமேல் எல் போர்டு மட்டும் அப்படியே இருந்தது. காரைச் சரிபண்ணி மறுபடி எனக்கே கொடுத்தார்கள்.

இன்டர்நெட் வந்த புதிது. குணா அண்ணன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் படித்துச் சொன்னார்.

"பினாங்கு ஆளுங்க எல்லாம் நம்ம காரைப் பத்திதான் பேசுறாங்க, சரசு. பொம்பளை சிக்கு பிரேக்குன்னு நெனச்சு எண்ணெ பெடல அமுக்கி, ஏரிக்குள்ள விட்டுட்டாளாம்."

"அப்புறம் என்னாச்சாம்ண்ணே?"

"நீ செத்துட்ட லா. படிக்க வந்த பொண்ணும் போயிட்டாளாம். கருமாதிகூட முடிஞ்சிருச்சு."

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று என் பெயரில் அவரே எழுதிப் போட்டார். 'ஆவிக்கு டைப்பிங்கும் தெரியுதா?' என்று பதில் வந்தது.

சிரித்தோம். ஆனால் என்னிடம் படித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து நின்றுகொண்டார்கள். குணா அண்ணனுக்கும் சிரிப்பு நின்றது.

"பொம்பளைங்க வரலன்னா உனக்கு எதுக்குக் கார்? பழையபடி தேத்தண்ணி கலக்கு, சரசு."

3. மேட்டில்

மிஞ்சியவள் லெட்சுமி ஒருத்திதான். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை, அடுத்த வாரம் டெஸ்ட். அவளையும் நிறுத்த வீட்டுக்காரர் மணி ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இன்டர்நெட்ல போட்டிருக்கான். சும்மாவா போடுவான்?"

"என்னையும்தான் முழுகடிச்சிருக்கான்," என்றாள் லெட்சுமி. "அப்ப இன்னிக்குக் காலையில உங்களுக்குத் தோசை சுட்டது யாரு?"

"வாயி மட்டும் முழுகல லா உனக்கு."

அவருக்காகக் கலக்கிய தேத்தண்ணி என் கையில் இருந்தது. யோசித்துச் சொன்னதில்லை, அதுவாக வந்துவிட்டது.

"அண்ணே, இதைப் பிடிச்சிக்கிட்டு பின் சீட்ல உக்காருங்க. லெட்சுமி மேடு ஏத்தட்டும். ஒரு சொட்டு சிந்துனா அவளை நிறுத்திக்குங்க. நானும் குணா அண்ணன்கிட்ட கார் சாவியக் குடுத்துடுறேன்."

அன்றுதான் ஓர் ஆம்பளை முகத்தை நேராகப் பார்த்துப் பேசினேன்.

ஆபீசுக்குப் பின்னால் பயிற்சி மேடு. பாதி மேட்டில் லெட்சுமி நிறுத்தினாள். பழகாதவர்களுக்கு அங்கிருந்து எடுக்கும்போதுதான் கார் பின்னால் உருளும், இல்லையென்றால் குதிக்கும். அவள் குனிந்து பெடலைப் பார்த்தாள்.

"காதால கேளு," என்றேன். "கிளட்ச்சை மெதுவா விடு. எஞ்சின் சத்தம் கனமாகும். அப்ப ஹேண்ட்பிரேக்க எறக்கு."

சத்தம் கனத்தது. கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல், குலுங்காமல் மேலே ஏறியது. உச்சியில் நிறுத்திவிட்டு இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

மணி அண்ணன் தன் காற்சட்டையைத் தடவிப் பார்த்தார். ஈரமில்லை. பிறகு ஒரு வாய் குடித்தார்.

"சீனி பத்தல லா, சிக்கு."

லெட்சுமி ஹாரனை அமுக்கிய அமுக்கில் குணா அண்ணன் வெளியே ஓடி வந்தார்.

4. பிறகு

லெட்சுமி முதல் தடவையிலேயே பாஸ். மணி அண்ணன் கடலுக்கு அக்கரையில் தான் வேலை செய்யும் மாக் மண்டின் ஒர்க்‌ஷாப்பில் தேத்தண்ணிக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பரப்பியதில், அங்குள்ளவர்களின் மனைவிமார் பெர்ரிக் கப்பல் ஏறி என்னிடம் வந்தார்கள். பெண்களுக்கென்றே இரண்டாவது கார் வாங்கினார் குணா அண்ணன்.

ஆள் செத்த கார் நம்பருக்கு லாட்டரி விழும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. ஒருநாள் மணி அண்ணன் கேட்டார்: "உங்க கார் நம்பரைத்தான் லாட்டரியில வாங்கினேன் சிக்கு. விழலயே?"

"செத்தவ நம்பரா இருந்தா விழுந்திருக்கும்ண்ணே."

புதிதாகச் சிக்கு ஆகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களைப் பற்றிக் கதை கட்டுகிறவர்களிடம் வாதாட வேண்டாம். பின் கதவைத் திறந்துவிடுங்கள். தேத்தண்ணியை மட்டும் கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுங்கள்.