வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கவர்மெண்டு

பேசத் தெரிந்தவர்கள் அரசியலுக்குப் போய்விடுகிறார்கள்; பேசப் பயப்படுகிறவர்களைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்துவதுதான் எங்கள் தொழில். அதற்கு மக்கள் தொடர்பு என்று பெயர். மைக்கைக் கண்டதும் உங்கள் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றால், நாம் உறவினர்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த மறு வருடம் இது. மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் ஒலிபெருக்கி வேனில் ஊர் ஊராகப் போய்ச் செய்தி சொல்லும் உதவியாளர் நான். பெண்ணின் குரல் பக்கத்து மேசைக்குக் கேட்டாலே அதிகம் என்று கான்வென்டில் சொல்லித் தந்தார்கள். இப்போது என் குரல் அரை மைல் கேட்கிறது. கைக்குழந்தை தூங்கிய பிறகுதான் எழுத உட்காருகிறேன்; எங்காவது வாக்கியம் அறுந்திருந்தால் அவள் விழித்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதுவும் ஒரு படிப்பா

கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்த எங்கள் அதிகாரி மிஸ்டர் லோ ஒருநாள் என்னையும், என்னோடு வேலை செய்யும் ராஜகோபாலையும் கூப்பிட்டார். சீமையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பை ஒரு வருடப் பாடமாகச் சொல்லித் தருகிறார்களாம். எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இடம். இருவரில் ஒருவர் போகலாம். அவர் காட்டிய சிறு புத்தகத்தைப் படித்துப் பிரமித்துப் போனேன். படித்து முடித்தவர்களை ஆஸ்பத்திரி கேட்கிறது, ரயில்வே கேட்கிறது, துறைமுகம் கேட்கிறது, விமானக் கம்பெனி கேட்கிறது. உலகத்தில் எல்லாருக்கும் தங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மனு போட்டேன். பல்கலைக்கழகம் என்ற சொல்லின் மீது அவ்வளவு ஆசை. குழந்தையை விட்டுப் போகவேண்டும் என்பதில் அவ்வளவு பயம். வீட்டில் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அத்தை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "டாக்டருக்குப் படிச்சா ஊசி போடலாம், டீச்சருக்குப் படிச்சா அடிக்கலாம். இதுக்குப் படிச்சா என்னம்மா செய்வே, வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருப்பியா?"

துக்காங் எமாஸில் ஒரு மாலை

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிள்ளையார் கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் வேனை நிறுத்தினோம். நான் வாயைத் திறந்தேன். டிரைவர் பாக் மான் சட்டென்று ஒலிபெருக்கியை அணைத்தார். பாங்கு ஆரம்பித்துவிட்டது. காத்திருந்தோம். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வர, மறுபடி வாயைத் திறந்தேன். கோவிலில் தீபாராதனை மணி. அதற்கும் காத்திருந்தோம்.

பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கோவிலிலிருந்து வந்தவர்கள், இவர்கள் எதற்கு நிற்கிறார்கள் என்று பார்க்க நின்றார்கள். கடைசி மணி ஓய்ந்தபோது தெரு நிறைந்திருந்தது. சைக்கிள் மணிகூட இல்லை. தொப்பியும் திருநீறுமாக அத்தனை முகங்கள் என்னையே பார்த்தன. நேற்று வரை வெள்ளைக்காரன் சொன்னதைக் கேட்ட தெரு, இன்று என் ஒரு சொல்லுக்காக மூச்சை அடக்கி நிற்கிறது என்று நினைத்ததும் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். பாக் மான் மைக்கை என் கையில் திணித்து, மலாயில் மெதுவாகச் சொன்னார். "சாமிங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு, தங்கச்சி. இனி உன் முறை."

காஜா பேராங்கில் மட்டும்

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது காஜா பேராங்குக்கு. இரண்டு சந்து தள்ளி மலாக்காச் செட்டிகள் வீடுகள்; பல தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வாரிசுகள். கோவில் உண்டு, திருநீறு உண்டு, பெயருக்குப் பின்னால் பிள்ளையும் உண்டு. பேச்சு மட்டும் மலாய். வாக்காளர் பதிவு பற்றி அங்கே தமிழில் பேசும்படி மிஸ்டர் லோ உத்தரவிட்டார். "சார், அவர்கள் மலாய்தான்..." என்றேன். "கோவில் இருக்கிறதே?" என்றார். அதற்கு மேல் வாதாடத் தைரியம் வரவில்லை.

பேசினேன். ஓர் இருமல்கூட இல்லாமல் கேட்டார்கள். சிலர் கைகூப்பியிருந்தார்கள். இவ்வளவு மரியாதையான கூட்டத்தை நான் கண்டதில்லை. மிஸ்டர் லோவும் பெருமையாகத் தலையசைத்தார். முடிந்ததும் மலாய்ப் பெண்கள் போலக் கெபாயா சட்டை போட்ட ஓர் அம்மாள் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார். "கோவில் மந்திரம் மாதிரியே அழகா இருந்துச்சு, மகளே. மந்திரம் முடிஞ்சிடுச்சில்ல, இப்ப சங்கதி என்னன்னு சொல்லு."

பந்தி

செங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிரஜாவுரிமைக்கு ஆட்களைச் சேர்க்கவேண்டும். தோட்ட ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினோம். ஓர் ஆள்கூட வரவில்லை. கங்காணியின் மனைவி அஞ்சலையைக் கேட்டேன். "சுவத்துல ஒட்டுனா அது சுவத்துக்கு அழைப்பு. எங்களுக்கு எங்கே?" என்றார். சரி என்று அடுத்த வாரம் தட்டில் சந்தனம், குங்குமம், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கினேன். "ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வந்துடணும்."

வந்தார்கள். புதுச் சேலை, பழத்தட்டு, தலையில் பூ. தோட்டமே கோவில் கொட்டகையில் திரண்டு, மேடையைப் பார்க்காமல், எதிரெதிர் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "ஏன் இப்படி உட்காருகிறார்கள்?" என்று மிஸ்டர் லோ கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இலைக்குக் காத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது விண்ணப்பக் கட்டு மட்டும். "உன் சீமைப் பயணம் இத்தோட சரி" என்று ராஜகோபால் காதோரம் சொன்னார். அழுகையை அடக்கிக்கொண்டு அஞ்சலையிடம் உண்மையைச் சொன்னேன்.

அவர் எழுந்து பெண்களைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. பிறகு நடந்ததை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு கை பருப்பு. கோவில் அண்டா அடுப்பில் ஏறியது. விருந்தாளிகள் சமைத்து, அழைத்த எங்களை உட்கார வைத்துப் பரிமாறினார்கள். மிஸ்டர் லோ வாழை இலைக்கு முன் காலை மடக்கத் தெரியாமல் தவித்தார். சாப்பாடு முடிந்ததும் வரிசையில் நின்று ஒருவர் விடாமல் விண்ணப்பம் கொடுத்தார்கள். என் இலையில் ரசம் ஊற்றியபடி அஞ்சலை சொன்னார். "அழைக்கத் தெரிஞ்சிருக்கு, ஆக்கிப்போடத் தெரியல. போகட்டும், புதுசா வந்த கவர்மெண்டுதானே."

தேர்வுக் குழு

கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையும் நம் நாட்டவர் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பந்தி விவகாரம் அவர்கள் வரை போயிருந்தது. "பொதுமக்கள் அரசாங்கத்துக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். இது வெற்றியா, தோல்வியா?" என்று துரை கேட்டார். "தெரியவில்லை, சார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்கக் கேட்கிறேன்" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன்: குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் உள்ளே போய்வந்த ராஜகோபால் பக்கத்தில் இருந்தார். "பிள்ளைகளைப் பற்றிக் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?" என்றேன். அவர் சொன்னார். "எனக்கு மூணு பிள்ளைங்க. யார் பாத்துக்குவாங்கன்னு என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா எனக்கும் முழிதான்."

சம்மதம்

இடம் எனக்குத்தான் என்று நேற்று மிஸ்டர் லோ சொன்னார். நாளைக்குள் பதில் சொல்லவேண்டும். குழந்தைக்கு அங்கே இடமில்லை, அது முதலிலேயே தெரிந்ததுதான். கப்பலைப் பற்றியோ குளிரைப் பற்றியோ நான் பயப்படவில்லை. திரும்பி வரும்போது அவள் நடந்துகொண்டிருப்பாள். என்னைப் பார்த்து அத்தையின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். அதுதான் பயம்.

என் கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வருந்துகிறவர் போல எழுந்து போனார். அத்தையிடம் பயத்தை அப்படியே சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவர், தட்டுவதை நிறுத்தாமல் சொன்னார். "பிள்ளைக்கு உன்னை மறந்துபோனா தினம் நான் ஞாபகப்படுத்துறேன். நீ அங்கே போய் எங்களை மறந்தா, எவ ஞாபகப்படுத்துவா?"

நாளைக் காலை போய்ச் சம்மதம் சொல்லப்போகிறேன். ஊரையெல்லாம் நம்பவைக்கத் தெரிந்த எனக்கு, என்னை நம்பவைக்க மட்டும் ஒரு பல்கலைக்கழகம் தேவைப்படுகிறது.