ஆயுத பூஜையன்று போன நெட்

அன்றைக்கு நெட் போகும்வரை எங்கள் கட்டிடத்துக்குள் வந்தவர்கள், இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி, விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் 302-ஆம் அறையிலேயே தங்கிவிட்ட கம்பெனிக்காரர்கள் இருவர், மூன்றாம் மாடியில் ஒரு கேபிளைப் பார்க்க வந்துபோன நெட்காரர். இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். யார் எந்த நேரத்தில் ரிசப்ஷன் மேஜைப் பக்கம் வந்தார்கள், யார் கை எங்கே இருந்தது என்று, போலீஸ் கேட்டால் சொல்வதற்குத் தயாராக இருப்பவனைப் போல. யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எனக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருந்தேன்.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நாற்பத்திரண்டு பேர் தங்கும் ஒரு பிஜி விடுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கேஜிஎஃப் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்தவனுக்கு அது பெரிய வேலை. சம்பளத்தோடு கீழ்த்தளத்தில் ஓர் அறையும் ஓனர் கொடுத்திருக்கிறார். வேலை போனால் வீடும் போகும். அதனாலோ என்னவோ, கேஸை மூடினேனா என்று மூன்று முறை போய்ப் பார்க்கிற சுபாவம் எனக்கு. அந்தப் பூஜைக்கு ஒரு மாதம் முன்பு, நெட் சரியில்லை என்று இரண்டு பேர் அறையைக் காலி செய்தார்கள். "இன்னொருத்தன் நெட் இல்லேன்னு காலி பண்ணா, அடுத்து காலி பண்றது நீதானப்பா" என்று ஓனர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

நெட்காரர் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது. அந்தத் தெருவில் ஏழெட்டு பிஜிகளுக்கு அவர்தான் கேபிள் இழுத்து, ரூட்டர் மாட்டி, கோளாறு வந்தால் ஓடிவருபவர். எல்லோரிடமும் வாய் நிறையப் பேசுவார். ஆனால் ரூட்டருக்கான பாஸ்வேர்டைப் போனில் அடிக்கும்போது மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொள்வார். ரப்பர் பேண்டு போட்ட சின்ன டைரி ஒன்று சட்டைப் பையில் இருக்கும். ஒரு பக்கத்தைப் பார்ப்பார், அடிப்பார், உடனே மூடிவிடுவார். "குரு, ஒரு டீ சொல்லேன்" என்று என்னை வெளியே அனுப்புவார். நான் டீ சொல்லப் போகிற நேரத்தில் இவர் என்ன செய்கிறார்? எங்கள் கட்டிடத்தின் சாவியை வேறொருவர் பையில் போட்டுக்கொண்டு திரிவது போலத்தான் அந்த டைரி எனக்குத் தெரிந்தது.

பூஜையன்று காலை பத்து மணிக்கு வந்தார். கேபிளைப் பார்த்தார், ரிசப்ஷனில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், போய்விட்டார். அதன் பிறகு நான் குளித்து, தண்ணீர் மோட்டார், லிஃப்ட், வாஷிங் மெஷின், கிரைண்டர், ரூட்டர் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, ஊதுவத்தி ஏற்றிக்கொண்டே மாடிக்குப் போனேன். மொட்டை மாடித் தொட்டிக்குப் பூ வைத்துவிட்டு இறங்கினால், 302-காரர்கள் இருவரும் படிக்கட்டில் நிற்கிறார்கள். "அங்கிள், நம்ம வைஃபை பேரே காணோம். புதுசா ஏதோ நம்பர் பேர் வருது." கதவில் விரல் வைக்கிற மெஷின், கேமரா, எல்லாமே அந்த நெட்டில்தான் ஓடுகின்றன. நெட்காரர் உட்கார்ந்துவிட்டுப் போனார், நெட் போய்விட்டது. இப்போது கூப்பிட்டால் வருவார், சரிசெய்வார், காசு வாங்குவார். எனக்கு எல்லாம் ஒழுங்காகக் கோத்துக்கொண்டது.

கூப்பிட்டேன். வந்தார். ரிசப்ஷன் அலமாரிப் பலகையில் நிறுத்தியிருந்த ரூட்டரை எடுத்து, வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இடுக்கியால் எதையோ பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சின்னதாக, குச்சி போல ஒன்று. பிறகு டைரியைத் திறந்து அடிக்க ஆரம்பித்தார். "எல்லாத்தையும் மறந்துட்டுப் பிறந்த குழந்தையாட்டம் ஆயிடுச்சு குரு. கம்பெனி குடுத்த ஐடியை முதல்ல போடணும். அப்புறம் பழைய பேரு, பழைய பாஸ்வேர்டு. ஒரு எழுத்து மாறக் கூடாது. மாறலேன்னா, ஊருக்குப் போனவங்க திரும்பினதும் நாப்பது போனும் தானா வந்து ஒட்டிக்கும், நெட் போனதே ஒருத்தனுக்கும் தெரியாது." கட்டிடத்தில் இருந்த நாலைந்து போன்கள் சொன்னபடியே ஒட்டிக்கொண்டன.

சாயங்காலம் அவர் கிளம்புவதற்குள் ஓனர் வந்து, நெட் ஏன் போனது என்று அவரிடம் கேட்டார். நெட்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கு சார், மெஷின் தானா ரீசெட் ஆயிடுச்சு" என்றார். பொய். அன்று கரண்ட் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. லிஃப்ட் ஓடியது, கிரைண்டர் ஓடியது. பொய் சொல்பவனுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஸ்கூட்டரை எடுப்பதற்குள் நான் ஓனரின் அறையில் இருந்தேன். கரண்ட் கதையைச் சொன்னேன், டைரியைச் சொன்னேன், பையில் போட்டதைச் சொன்னேன். ஓனர் அவரை நிறுத்திவிட்டார். அவருக்குத் தரவேண்டிய மூன்று மாதப் பணத்தையும் நிறுத்திவிட்டார். அவர் அதற்காக ஒருமுறைகூட வந்து சண்டை போடவில்லை. திருடன்தான் அப்படிப் பேசாமல் போவான் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் பொரி டப்பாவை மூடினாள்.

அடுத்த வருஷப் பூஜையன்று நான் ஏமாறத் தயாராக இல்லை. ரூட்டருக்குக் கடைசியில் பூஜை செய்துவிட்டு, அதற்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யார் வந்தாலும் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு. பொட்டு வைத்தேன். ஊதுவத்தியை வாழைப்பழத்தில் குத்தி வைப்பதுதான் வழக்கம். ஆனால் பழம் வைத்தால் எறும்பு வரும், எறும்பு மெஷினுக்குள் போய்விடும் என்று எனக்குப் பயம். அதனால் போன வருஷம் போலவே, ரூட்டரின் தலையில் இருந்த சின்னத் துளையில் அழுத்திச் செருகினேன். உட்கார்ந்தேன். பத்து எண்ணுவதற்குள் பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. ஊதுவத்தி மட்டும் புகைந்துகொண்டிருந்தது. கட்டிடத்தில் வேறு யாருடைய கையும் அதன் பக்கத்தில் இல்லை. துளைக்குக் கீழே எழுதியிருந்த ஆங்கில எழுத்தை அன்றுதான் கூட்டிப் படித்தேன். ரீசெட்.

புது நெட்காரன் போனை எடுக்கவில்லை. பூஜை நாள். ஓனர் மதியம் சாமி கும்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் பழையவரைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும், "என்ன குரு, மறுபடியும் ஊதுவத்தியா?" என்றார்.

"தெரியுமாண்ணா உங்களுக்கு?"

"அந்தக் குச்சியைப் பிடுங்கினவனே நான்தானே. ஓனர் முன்னாடி சொல்லியிருந்தா அன்னிக்கே உன் மூட்டை வெளியே வந்திருக்கும். அப்புறமா உன்கிட்ட தனியா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ அவர் ரூம்ல போய் உக்காந்துட்டியே."

இவ்வளவு நிதானமாகப் பேசுகிறாரே, என்ன கேட்கப் போகிறாரோ என்று அப்போதும் என் மனது ஓரமாக முனகியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. ரூட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் வைஃபை பெயரைப் போனில் பிடிக்கச் சொன்னார், எந்த எண்ணை அடித்தால் பக்கம் திறக்கும் என்றார், ஐடியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். இரண்டு முறை தப்பாக அடித்தேன். "மெதுவா, மெதுவா. பெரிய எழுத்து." மூன்றாம் முறை பச்சை விளக்கு வந்தது. போனை வைக்கும் முன்பு சொன்னார்: "கம்பெனிகிட்ட சொல்லி அந்த ஐடி பாஸ்வேர்டை நாளைக்கே மாத்திக்கோ. இல்லேன்னா என் டைரியில இருக்குன்னு நீ தூங்க மாட்டே."

ஓனர் வரும்போது நெட் ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அன்று பொரித் தட்டை நீட்டிக்கொண்டே இரண்டு வருஷத்துக் கதையையும் சொன்னேன். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது எனக்குத் தெரியும். ஓனர் ரூட்டரின் பொட்டைப் பார்த்தார். "வேலை இருக்கட்டும்பா. ஆனா அவனைத் திருடன்னு சொன்னது நீ. அந்தக் காசு உன் கணக்கு" என்றார். நிறுத்திவைத்த மூன்று மாதப் பணம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

திரும்ப வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். "வேணாம்பா. அந்த பில்டிங்ல என் முதுகு அரிக்கும்" என்று நெட்காரர் சிரித்தார். மாதம் ஐந்நூறாகக் கொடுக்கிறேன். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஏணி மேல் நின்றவரிடம் நீட்டினேன். பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார்.

"எண்ணிப் பாருங்கண்ணா."

"நீ எண்ணாமலா குடுத்திருப்பே?"

அது மூன்றாவது தவணை. இன்னும் மூவாயிரம் பாக்கி.