நிலவு நண்டும் சிவப்பு நூலும்

பறுவக் கிழமையில், அதாவது முழுநிலவு வரும் வாரத்தில், இனி வேலை இல்லை என்று முதலாளி சொன்ன அன்று, ஜெசிந்தா கையுறையைக் கழற்றாமலே நின்றாள். மன்னாரில் அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பதுதான் எங்கள் வேலை. நிலவுக்காலத்து நண்டில் சதை இராது என்பது தீவு முழுக்க உள்ள பேச்சு.

"நிலவு நண்டுக்குள்ள தண்ணிதான் கிடக்கு. அதுக்கு ஐஸும் போட்டு உங்களுக்குச் சம்பளமும் குடுக்கேலாது," என்றார் முதலாளி.

"அது சரி முதலாளி. மாதத்தில ஒரு கிழமை என்ரை பிள்ளையள் நிலவையோ தின்னுறது?" என்றாள் ஜெசிந்தா. அவளுக்குப் புருஷன் இல்லை.

தரம் பார்க்கும் தர்ஷினி மிஸ் குறுக்கிட்டார். "நிப்பாட்ட முதல் ஒருக்கா சதையைத் தராசில நிறுத்துப் பாப்பம் சேர்."

அமாவாசை இருட்டில் பிடித்த ஆண் நண்டுகளையும், நிலவில் பிடித்த அதே அளவு ஆண் நண்டுகளையும் மிஸ் ஒரே மாதிரி அவித்துக் குளிர்பெட்டியில் உறைய வைத்தார். பிறகு இரண்டிலும் பாதியை, எது எதுவென்று சொல்லியே எங்களிடம் தந்தார். நிறுத்தபோது நிலவு நண்டின் சதை குறைவு.

"நான் என்ன சொன்னனான்?" என்று முதலாளி சிரித்தார்.

மிஸ் நாங்கள் எறிந்த கோதுகளைக் கொட்டிக் கிளறினார். இருட்டு நண்டின் கால்கள் துளி சதையில்லாமல் துப்பரவாக இருந்தன. நிலவு நண்டின் கால்களுக்குள் சதை அப்படியே கிடந்தது. ஒன்றும் இராதென்று நினைத்துப் பாதியில் விட்டிருக்கிறோம்.

"இது ஆற்றை கூடை? ஆர் உடைச்சது?" என்று மிஸ் கேட்டார்.

"என்ரைதான் மிஸ்," என்றாள் ஜெசிந்தா.

"வேலை வேணுமெண்டு கத்தினதும் நீதானேடி," என்று எங்களோடு வேலை செய்யும் றீற்றாக்கா சீண்டினார். எல்லோரும் சிரித்தோம். ஜெசிந்தா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்ச நண்டுகளை மிஸ் அடுத்த நாள் தந்தார். கூடைகளில் சிவப்பு நூலும் பச்சை நூலும் மட்டும் கட்டியிருந்தன. எது நிலவு நண்டென்று எங்களுக்கும் தெரியாது, தராசில் நிறுத்தவருக்கும் தெரியாது. எல்லாக் காலையும் உடைத்தோம். தராசில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன.

"இதில எது நிலவு?" என்று கேட்டார் முதலாளி.

"சிவப்பு. ஆனா ஒருதரம் பாத்தது காணாது சேர். வாற பறுவங்களிலயும் இப்பிடியே பாக்கோணும்."

"அப்ப பறுவத்திலயும் இந்த இடத்தைத் திறந்துதான் வைக்கோணும் எண்டுறியள்," என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார்.

அடுத்த பறுவத்துக்கு ஜெசிந்தா எங்களுக்கு முதலே வந்து, கையுறை போட்டுக்கொண்டு இருந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆட்கள் முன்னால் பேசக் கூச்சம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நிலவு நண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ள ஒண்டுமில்லை அக்கா," என்பார்கள். "கால் உடைச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்பேன்.