முடிச்சுப் போட்ட சப்பாத்து

காஜா பேராங் வட்டாரத்தில் தெய்வானை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே பிள்ளை பிறக்கப்போகிறது என்று அர்த்தம். அடுத்த அரை மணியில் அந்த வீட்டில் பூட்டியது, கட்டியது, முடிந்தது ஒன்றும் மிஞ்சாது என்றும் அர்த்தம். பெட்டியைத் திற என்பாள். அலமாரியைத் திற என்பாள். பிள்ளைத்தாய்ச்சியின் கொண்டையை அவிழ்ப்பாள், துணி காயும் கொடியை அவிழ்ப்பாள். வீட்டில் ஒரு முடிச்சு இருந்தாலும் பிள்ளை அதில் மாட்டிக்கொண்டு வெளியே வராது என்பது அவள் தொழிலில் முதல் பாடம். ஒருமுறை கருணாகரன் வீட்டில் ஆட்டையும் அவிழ்த்துவிட்டாள். பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆடு பக்கத்து வீட்டு மல்லிகையைச் சுகமாகத் தின்றது. கருணாகரன் இரண்டு நாள் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு மூன்றாம் நாள் மல்லிகைக்காகப் பக்கத்து வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பிரசவத்துக்குப் புறப்பட்டால் அவள் உடம்பிலும் முடிச்சு இருக்காது. கையில் கயிறு கிடையாது, முந்தானையில் சில்லறை முடிந்துகொள்வது கிடையாது. தாலியைப் பற்றிக் கேட்டால், "அது சாமி போட்ட முடிச்சு, அதைச் சேர்க்காதே" என்பாள். கூலிக்குப் போனாலும் சட்டம் அவளுடையதுதான்.

இருபது வருடமாக வெறுங்காலில் நடந்தே செங், குருபோங், அதற்கும் அப்பால் ரப்பர் தோட்டங்கள் என்று போய்வந்த கால் அது. அந்தக் காலுக்குப் பொங்கல் வாரத்தில் வந்தது கேடு. மார்க்கெட்டில் மீன் கழுவின தண்ணீரில், புதிதாக வாங்கிய கட்டைச் செருப்போடு, படியில் வழுக்கினாள். வலது கணுக்கால் பூசணிக்காய் ஆனது. சீன வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி, துணி சுற்றி, விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினார்: வெறுங்காலில் தூரம் நடக்கக்கூடாது, கணுக்காலை எதுவாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இன்னொரு தரம் பிசகினால் கால் கோணிக்கொண்டுதான் கூடும்.

ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, பிப்ரவரி இருபது, திங்கட்கிழமை. வெள்ளைக்காரன் சுதந்திரம் தருவது எந்தத் தேதியில் என்று பண்டார் ஹிலிர் திடலில் இன்று அறிவிக்கப்போகிறார்கள். விடியற்காலையிலிருந்து லாரி லாரியாக ஜனம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் புருஷன் பொன்னுதுரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பிவிட்டான்.

எட்டரைக்கு ஒரு தோட்டத்து லாரி தெருமுனையில் வேகம் குறைந்தது. கொடியும் கூச்சலுமாக இருந்த கும்பலுக்குள்ளிருந்து ஒருவன் குதித்து, விழுந்து, எழுந்து ஓடிவந்தான். சின்னப்பா. குருபோங் தாண்டியிருக்கிற ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவன்.

"தெய்வானக்கா! நம்ம சீதாவுக்கு வலி எடுத்திருச்சு!"

சீதா அவன் தம்பி ராஜனின் பெண்டாட்டி.

"எப்ப எடுத்துச்சு?"

"அஞ்சு மணிக்கு. அம்மா தொட்டுப் பாத்துட்டு, தல மேலதான் இருக்குன்னு சொல்லுது."

போன வருடமும் இதே சீதா, இதே மாதிரி, கால் முன்னால் வந்த பிள்ளை. பஸ் கிடைக்காமல் தெய்வானை போய்ச் சேருவதற்குள் அரை மணி தாமதமாகிவிட்டது. பிள்ளை அழவில்லை. "பாக்காதே" என்று பிள்ளையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனவள் தெய்வானைதான். இந்தத் தடவை ஏழாம் மாசமே சீதா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்துருவீங்கல்ல?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் வருவேன் என்றிருந்தாள்.

"தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எங்கே?"

"அவரும் திடலுக்குப் போய்ட்டாரு. ராஜன் அதே லாரிலதான் போறான், கூட்டத்துல தேடிப் புடிச்சுக் கூட்டியார்றேன்னு."

"அந்தக் கூட்டத்துலயா? அவன் பேரையே மறந்துருவான். லாரி?"

"அதுவும் திடல்லதான். பஸ்ஸும் அங்கதான். டாக்சி ஸ்டாண்டுல நாய்தான் படுத்திருக்கு."

"அப்ப நடக்கணும்."

"ஏழு கட்டைக்கா! முழுசா ஏழு மைலு! அந்தக் கால வச்சுக்கிட்டா?"

அவள் பதில் சொல்லாமல் கட்டிலுக்கு அடியிலிருந்த காலணிகளையெல்லாம் இழுத்துப் போட்டாள். கட்டைச் செருப்பைப் பார்த்ததும் ஒரு உதை விட்டாள், அதுவும் வலது காலால், உடனே பல்லைக் கடித்துக்கொண்டாள். பொன்னுதுரை ஸ்பெஷல் போலீஸில் இருந்தபோது கொடுத்த பூட்ஸ் இருந்தது. கணுக்காலை நன்றாகப் பிடித்தது. ஆனால் இரண்டு அம்மிக்கல்லைக் காலில் கட்டிய கனம். வாசல் வரை நடந்து பார்த்தாள். ஏழு மைலுக்குப் பிறகு பிரசவம் பார்க்க வேண்டியது அவளுக்குத்தான் என்று தோன்றியது. ரப்பர் சிலிப்பர் லேசு. கணுக்காலுக்கு அதனால் ஒரு உபகாரமும் இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மீனாச்சி எட்டிப் பார்த்தாள். அவள் செட்டி கம்போங்கில் பிறந்தவள். சாமி தமிழ், பேச்சு மலாய். விஷயத்தைக் காதில் வாங்கியதும் உள்ளே ஓடிப்போய், மகன் கூடைப்பந்து விளையாடுகிற கான்வாஸ் சப்பாத்தைக் கொண்டுவந்து போட்டாள்.

"பாக்காய் லா, அக்கா. பாக்காய்!"

போட்டுக்கொள்ளத்தான் சொல்கிறாள். கணுக்காலுக்கு மேலே ஏறும் சப்பாத்து. அடியில் ரப்பர், மேலே துணி, கனமே இல்லை. முன்னால் கொஞ்சம் நீளம். தெய்வானை பழைய வேட்டியைக் கிழித்து விரல் பக்கம் திணித்துக்கொண்டாள். காலை விட்டாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக அந்தக் கால் யாரோ கையில் பிடித்திருக்கிற மாதிரி நின்றது.

மீனாச்சி குனிந்து நாடாவைக் கட்டப் போனாள்.

"ஐயோ, கட்டாதே!"

நாடாவை எல்லா ஓட்டைகளிலும் கோத்து, இறுக்கி இழுத்து, நுனிகளை முடியாமல் உள்ளே செருகிவிட்டாள் தெய்வானை. "புடவை மட்டும் முடிச்சிலயா நிக்குது?" என்றாள். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

புடவைக்குக் கீழே ஆம்பிளைப் பையன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவள் தெருவில் இறங்கியதும், திடலுக்குப் போக வழியில்லாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவர்கள் சிரித்தார்கள்.

"அங்க பாரு, நம்ம மருத்துவச்சி பந்து விளையாடப் போறா."

"சிரிங்க. உங்க பேரன் வர்றப்ப வீட்டு வாசல்ல காத்துக் கெடப்பீங்கல்ல, அன்னைக்கி நான் சிரிக்கிறேன்."

சின்னப்பா முன்னால் நடந்தான். ஒவ்வொரு பத்தடிக்கும் திரும்பிப் பார்த்தான். முதல் இரண்டு மைல் சுகமாகப் போனது. எதிரே வருகிற லாரிகளெல்லாம் திடலுக்கு. கையாட்டினால் அவர்களும் ஆட்டினார்கள், "மெர்டேக்கா!" என்று சுதந்திரக் கோஷம் போட்டார்கள், போய்விட்டார்கள்.

மூன்றாவது மைலில் வலது நாடா வெளியே வந்தது. செருகினாள். மறுபடி வந்தது. சப்பாத்து குதிகாலில் தளர்ந்து சப்புச் சப்பென்று அடித்தது. நின்று நின்று செருகியதில் நேரம் போனது. வெயில் ஏறியது.

"அக்கா, ஒரு முடிச்சப் போட்டுட்டு நடங்க. யாரு பாக்கப் போறா?"

"பாக்கிறதுக்காகவாடா முடிச்சு? ஒம் மொத மகன் வயித்துக்குள்ள இருந்தப்ப யாரு ஒன் வீட்டுக் கொடியெல்லாம் அவுத்தா? வாய மூடிக்கிட்டு நட."

செங் தாண்டி ஒரு வாய்க்கால். பலகைப் பாலத்தில் ஒரு பலகை இல்லை. அவள் கவனமாக இடது காலை வைத்தாள். வலது காலை எடுத்தபோது அவிழ்ந்து தொங்கிய நாடாவை இடது கால் மிதித்திருந்தது. சப்பாத்து வராமல் கால் மட்டும் வந்தது. அவளும் கழன்ற சப்பாத்தும் பலகை இல்லாத இடைவெளியில் விழ, முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். கணுக்காலுக்குள் சுள்ளி ஒடிவது போல் ஒரு சத்தம்.

சின்னப்பா அவளைத் தூக்கிக் கரையில் உட்கார வைத்தான். கணுக்கால் கண்ணெதிரே உப்பிக்கொண்டே வந்தது.

"நான் தூக்கிக்கிட்டுப் போறேன்."

"ஒன்னால ஒரு பால் வாளியவே ஒழுங்காத் தூக்க முடியாது. அந்தச் சப்பாத்த எடு."

ஈரச் சப்பாத்துக்குள் காலைத் திணித்தாள். நாடாவைக் கையில் எடுத்தாள். போன வருடம் சீதா வீட்டிலும் எல்லாம் அவிழ்ந்துதான் கிடந்தது. பெட்டி திறந்திருந்தது, கூந்தல் விரிந்திருந்தது, கொடி கீழே கிடந்தது. அரை மணி மட்டும்தான் இல்லாமல் போனது. இந்த யோசனை அவளுக்குப் பிடிக்கவில்லை. இருபது வருடம் சொன்னதையெல்லாம் கூடையோடு வாய்க்காலில் கொட்டுகிற மாதிரி இருந்தது.

நாடாவை இழுத்தாள். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று. வலி மண்டைக்கு ஏறும்வரை இறுக்கினாள்.

"அக்கா..." என்றான் சின்னப்பா மெதுவாக.

"நட."

மிச்சம் மூன்று மைல். மூங்கில் கழி ஒன்றை ஒடித்துக் கொடுத்தான். அவள் நூறு அடி எண்ணுவாள், நிற்பாள், மறுபடி நூறு. பேச்சுக்கே மூச்சு இல்லை. காலடி தப்பும்போதெல்லாம் சப்பாத்து இழுத்துப் பிடித்தது. சூரியன் உச்சியைத் தாண்டும்போது ரப்பர் மரங்களுக்கிடையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. அதற்கு முன்பே சீதாவின் குரல் கேட்டது.

வாசலில் சீதாவின் மாமியார் பாக்கியலட்சுமி நின்றாள். வீட்டில் பெட்டி, பானை மூடி, கோழிக்கூடு எல்லாம் திறந்து கிடந்தன. தெய்வானையைப் பார்த்ததும் கும்பிடப் போன கை பாதியில் நின்றது. கண் கீழே இறங்கியது.

"என்ன தெய்வான இது? முடிச்சோடவா வந்து நிக்கிற?"

"விடுங்கக்கா, வழிய விடுங்க."

"நீதானடி என் தாலிக் கொடியத் தவிர மிச்சத்தையெல்லாம் அவுக்க வச்ச! போன தடவ ஒரு முடிச்சு எங்கியோ இருந்திருக்கும்னு நீதான சொன்ன? அவுத்துப் போட்டுட்டு உள்ள வா."

சொன்னது உண்மை. துணி மூடிய பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தாய்க்கு வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், தெய்வானை அப்படித்தான் சொல்லியிருந்தாள். உட்கார்ந்து நாடாவைத் தொட்டாள். தண்ணீரில் ஊறி, வீக்கத்தில் இழுபட்டு, முடிச்சு கல்லாகியிருந்தது. நகம் ஒடிந்தது. பாக்கியலட்சுமி உள்ளே போய் அரிவாளோடு வந்தாள்.

"அறுத்துரு."

உள்ளே சீதா கத்தினாள். "அக்கா வந்துட்டாங்களா? அக்கா!"

தெய்வானை அரிவாளைப் பார்த்தாள். அறுத்தால் சப்பாத்து கழன்றுவிடும். சப்பாத்து கழன்றால் இந்தக் கால் நிற்காது. கால் முன்னால் வரும் பிள்ளைக்குக் குந்தி உட்கார்ந்து, பாரத்தைக் காலில் போட்டு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நடுவில் கால் மடங்கினால் கை தவறும். கை தவறினால் பிள்ளை தங்காது.

"அறுக்க மாட்டேன்க்கா."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா என்னையத் திட்டுங்க. போன தடவையும் என்னையத்தான் திட்டியிருக்கணும். நான் லேட்டா வந்தேன். முடிச்சு இல்ல, நான்தான்."

தெய்வானை பாக்கியலட்சுமியின் தோளைப் பிடித்து, அவளையே கைத்தடியாக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு பாதம் ஏற்கெனவே வெளியே தெரிந்தது, நீலமாக. தெய்வானை கையைக் கழுவினாள், குந்தினாள். கணுக்காலிலிருந்து வலி இடுப்பு வரை ஏறியது. சப்பாத்து விடவில்லை.

"முக்காதே. நான் சொன்னாத்தான் முக்கணும். என் மூஞ்சியப் பாரு."

"பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான். பாத்துக்கிட்டே இரு."

இரண்டாவது காலும் வந்தது. இடுப்பு வந்தது. பெண். உடம்பைத் துணியில் தாங்கி, இழுக்காமல் காத்திருந்தாள். இழுக்கத்தான் கை துடித்தது. ஒரு கையை விரலால் மடக்கி எடுத்தாள், திருப்பி மற்றதை எடுத்தாள். தலை உள்ளேயே நின்றுவிட்டது. பாக்கியலட்சுமி சுவரோடு ஒட்டிக்கொண்டு சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் கால அப்புறம் பாக்கலாம். இங்க வாங்க. அடிவயித்துல கைய வச்சு மெதுவா அமுக்குங்க."

பாக்கியலட்சுமி சப்பாத்திலிருந்து கண்ணை எடுத்தாள். முட்டி போட்டுக் கை வைத்தாள்.

"இப்ப முக்கு, சீதா! இப்ப!"

தலை வழுக்கி வந்தது. பிள்ளை தொங்கியது, சத்தமில்லாமல். தெய்வானை விரலால் வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், குட்டி மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி ஊதினாள். ஒன்று. இரண்டு. வாசலில் சின்னப்பா யாரையோ சத்தம் போடாதே என்று அதட்டினான், அங்கே யாருமே இல்லை. மூன்று. நெஞ்சு தானாக ஏறியது. இருமல் மாதிரி ஒன்று. அதன் பிறகு, லயத்துத் தகரமெல்லாம் அதிர ஓர் அழுகை.

தெய்வானை அப்படியே தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். தொப்புள்கொடியை அறுத்து, துணி சுற்றி, பிள்ளையைச் சீதாவின் நெஞ்சில் வைத்தாள்.

சீதா கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"பாருடி."

"மாட்டேன். மொதல்ல அது அழுவட்டும்."

"அழுதுக்கிட்டுத்தானடி இருக்கு. காது கேக்கலயா?"

"போன தடவையும் அழுவுறது எனக்குக் கேட்டுச்சுக்கா. நீங்கதான் அழுவலன்னீங்க."

தெய்வானை சீதாவின் சுட்டுவிரலைப் பிடித்து, பிள்ளையின் உள்ளங்கைக்குள் வைத்தாள். ஐந்து விரலும் மூடிக்கொண்டன. சீதா இழுத்துப் பார்த்தாள். பிள்ளை விடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள்.

அப்புறம்தான் கண்ணைத் திறந்தாள்.