செருப்பு தெரிகிற கேமரா

கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல என் அத்தானுக்கு நான்கு நிமிடம் போதுமானதாக இருந்தது. வீடு பார்த்து முடிக்க நான்கு நாள். ஒரு கேமரா வாங்க மட்டும் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அவரோடு கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். ஏனென்றால் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். செல்போனில் கேமரா இருக்கிறது. ஆகவே உலகத்திலுள்ள எல்லாக் கேமராக்களுக்கும் நான்தான் பொறுப்பு என்று என் குடும்பத்தில் முடிவாகிவிட்டது.

அத்தானுக்கு விழா மேடை வாடகைக்கு விடும் தொழில். பலகை அடித்துக் கட்டுகிற மேடை இல்லை, முப்பத்தாறு அடி நீள டிரெய்லர். முன்னால் ஒரு லாரி அதை இழுத்துக்கொண்டு போகும். போய் நின்றதும் பக்கத் தகடு கீழே விரிந்து மேடையாகும், மேல் தகடு எழும்பிக் கூரையாகும். பெரிய மனிதர்கள் அதில் ஏறி நின்று, இரண்டு வார்த்தை பேசுவதாகச் சொல்லி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் ஏறி, மறந்துபோன வசனத்தை நினைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். எனக்குப் பிள்ளைகள் நிகழ்ச்சிதான் பிடிக்கும்.

விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மைதானம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். ஆனால் மேடை வர வேண்டிய இடம், மதில் சுவருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள சந்தின் கடைசி. அங்கே நேராக ஓட்டிப்போக முடியாது, பின்னால்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். டிரெய்லரைப் பின்னால் எடுப்பது சாதாரண வேலை இல்லை. ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் திருப்பினால் வால் அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் வண்டி நடுவில் மடங்கி, லாரி டிரெய்லரின் விலாவில் போய் முட்டும். அத்தான் இதில் கெட்டிக்காரர். மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயரே ரிவர்ஸ்காரர்.

அந்தப் பெயரில் சரிபாதி என் அக்காவுக்குச் சொந்தம். அவளுக்குத்தான் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக டிரெய்லருக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தவள் அவள். மைக் செட்காரர்கள் தோற்றுப்போகிற குரல். இடது, வலது என்று சொல்லவே மாட்டாள். அவரைப் பார்த்து நின்றால் இவளுடைய இடது அவருக்கு வலது, அதில் தொழில் தொடங்கிய முதல் மாதமே ஒரு மதில் போய்விட்டது. அதனால் பக்கங்களுக்கு அவளே பெயர் வைத்துவிட்டாள். அவர்கள் முதன்முதலில் வண்டி நிறுத்திய முற்றத்தில், ஓட்டுநர் இருக்கைப் பக்கம் வீடு, மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், எந்த மைதானத்தில் நின்றாலும், அவளுக்கு அது வீட்டுப் பக்கம், இது தொட்டிப் பக்கம். "வீட்டுப் பக்கம் கொஞ்சம், வீட்டுப் பக்கம், போதும், வாங்க வாங்க" என்பாள். சுற்றி நிற்கிறவர்கள் வீட்டையும் தொட்டியையும் தேடுவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு வந்தது வினை. ஒரு மழை நாளில், விளையாட்டு மைதானத்துச் சேற்றில், கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்த அக்கா வழுக்கி விழுந்துவிட்டாள். குரல் நின்றதும் அத்தான் பிரேக்கை மிதித்துவிட்டார். ஆனாலும் அத்தனை பெரிய வண்டி சொன்ன இடத்தில் நிற்காது, இன்னும் ஒரு சாண் வந்துதான் நின்றது. அக்கா காலை இழுத்துக்கொண்டாள். செருப்பு டயருக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அக்கா எழுந்து சேலையில் இருந்த சேற்றை உதறிவிட்டு, "செருப்புதான போச்சு. இன்னும் ரெண்டடி இருக்கு, வாங்க" என்றாளாம். அத்தான் இறங்கி வந்து டயரைப் பார்த்தபடி நின்றாராம். அந்த இரண்டடி கடைசிவரை வரவில்லை. அன்றைக்கு மேடை கோணலாகவே நின்றது, அதில் ஏறிப் பேசியவர்களும் கோணலாகவே பேசிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் அத்தான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இனி நீ பின்னால நிக்க வேணாம், கேமரா போட்டுக்கலாம்."

அக்கா என்னிடம் வந்து புலம்பினாள். "இருபத்திரெண்டு வருஷம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனவ நான். இப்ப ஒரு சின்ன டப்பா வந்து என்னை வீட்டுக்கு அனுப்புதாம்டா. ஒரு தடவை வழுக்கினதுக்கு வேலையை விட்டே தூக்கிட்டாரு."

எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. அதற்காக நான் சும்மா இருந்துவிடவில்லை. நிபுணன் அல்லவா, எந்தக் கேமரா நல்லது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் பார்த்தது கம்பியில்லாத வகை. பின்னால் கேமரா, முன்னால் திரை, நடுவில் வயர் கிடையாது. அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முப்பத்தாறு அடி இரும்பத் தாண்டிப் படம் வருமா மாப்ள?" என்றார். நியாயமான கேள்வி. அடுத்தது கம்பி வைத்தது. "டிரெய்லரைக் கழட்டி மாட்டுற இடத்துல வயர் அறுந்துடும்" என்றார். கழற்றி மாட்ட வசதியான இணைப்பு உள்ளதைக் காட்டினேன். அதில் படம் அகலமாகத் தெரிகிறதாம், பக்கத்தில் இருப்பது தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறதாம். அகலம் குறைந்ததைக் காட்டினேன். அதில் மூலை தெரியவில்லையாம். பின்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, கொக்கி மாட்டும் இடத்தில் ஒன்று என்று நான்கு கேமரா உள்ளதைக் காட்டினேன். "நாலையும் ஒரே நேரத்துல பாக்க எனக்கென்ன நாலு தலையா?" என்றார். ஒரு தலையையே அவர் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் செருப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அக்காவின் பழைய செருப்பு, டயரில் நசுங்கிய அதே ஒற்றை. அவள் குப்பையில் போட்டதை எடுத்து ஒரு துணிப்பையில் வைத்திருந்தார். எந்தக் கடைக்குப் போனாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார். வாட்டசாட்டமான ஓர் ஆள் கையில் செருப்போடு வந்து நின்றால் கடைக்காரர் என்ன நினைப்பார்? ஒரு கடையில் கல்லாவில் இருந்தவர் எழுந்து உள்ளே போய்விட்டார். முந்தின நாள் அவர் விற்ற ஏதோ ஒன்று சரியில்லை போலிருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். கேமராவைச் சுவர் உயரத்தில் பிடிக்கச் சொல்வார். செருப்பைத் தரையில் வைப்பார். ஒரு முழம் தள்ளி, பிறகு மூலையில், பிறகு சரியாக டயர் இருக்க வேண்டிய இடத்தில். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் திரையைப் பார்ப்பார். "தெரியல" என்பார். செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடப்பார். நான் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பின்னால் ஓடுவேன்.

தெரிகிற கடையிலும் விடமாட்டார், ஒரு கேள்வி வைத்திருந்தார். "நடுவுல கோளாறாச்சுன்னா, கடைசியாக் காட்டுன படம் அப்படியே நிக்குமா, இல்ல திரை கறுத்துடுமா?"

ஒரு விற்பனையாளர் பெருமையாக, "படம் போகவே போகாது சார், அப்படியே நிக்கும்" என்றார்.

"அப்ப வேணாம்" என்று அத்தான் இறங்கிவிட்டார்.

தெருவில் வைத்து நான் சத்தம் போட்டேன். "படம் நின்னா நல்லதுதான அத்தான்? கறுத்துப்போற திரையக் காசு குடுத்து வாங்கப்போற முதல் ஆள் நீங்கதான்."

அவர் செருப்புப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கல்லுளிமங்கன் மாதிரி நடந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கேமரா கிடைக்கும்வரை அவர் வண்டியைப் பின்னால் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடமாக இருந்தால்தான் ஒப்புக்கொண்டார். அப்படி எத்தனை இடம் இருக்கும்? வந்த விழாவெல்லாம் வேறு மேடைகளுக்குப் போனது. ரிவர்ஸ்காரர் ரிவர்ஸ் எடுப்பதில்லை என்று ஓட்டுநர்கள் தேநீர்க் கடையில் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், மறைக்க விரும்பவில்லை. பந்தல் போடுகிற ஒருவர் டிரெய்லரை விலைக்குக் கேட்டு வந்து, தகடுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் அக்கா முகம் சுருங்கியது.

அன்று சாயங்காலமே அவள் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள், அவரைக் கேட்காமல். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சந்து, பின்னால் எடுத்தால்தான் உள்ளே போகும்.

"வர்ற வெள்ளிக்கிழமை. ஒண்ணு அங்க நீங்க வண்டியப் பின்னால எடுக்கறீங்க. இல்ல, சனிக்கிழமை அந்தப் பந்தல்காரர்கிட்ட சாவியக் குடுக்கறீங்க. நான் வேணாம்னா விட்டுருங்க, தொழிலயும் சேத்து விட வேணாம்" என்றாள்.

இரண்டு நாளில் கேமரா வந்துவிட்டது. நான்கு மாதம் நொட்டை சொன்ன மனிதர் எடுத்தது கம்பி வைத்த சாதாரண வகைதான். பின்னால் ஒன்று, கீழே பார்க்க ஒன்று. கோளாறானால் திரை கறுத்துவிடும். செருப்பு எங்கே வைத்தாலும் தெரியும். நானே மாட்டினேன். ஓட்டுநர் முகத்துக்கு நேராகத் திரையைத் திருகி, வயரை அழகாக ஒதுக்கி, என் வேலையை நானே ரசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் மூவரும் போனோம். சந்து வாசலில் வண்டியை நிறுத்தியதும், சொன்னபடி அக்கா இறங்கிக்கொண்டாள். தூரமாகப் போய் பள்ளிக்கூடத் திண்டில் உட்கார்ந்து, வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள். நான் ஓட்டுநர் பக்கப் படியில் தொற்றி நின்றேன். திரையில் சந்து பளிச்சென்று தெரிந்தது. சுவர் தெரிந்தது, தரையில் கிடந்த சாக்பீஸ் துண்டுகூடத் தெரிந்தது. யாரும் இல்லை.

"எடுங்க அத்தான், ரூட் கிளியர்" என்றேன்.

அவர் கியரைப் போட்டார். வண்டி நகரவில்லை. திரையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்த கை திரும்பவில்லை. இருபத்திரண்டு வருடம் சந்து பொந்தெல்லாம் வண்டியை நுழைத்த கை.

"படம் நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார். "அன்னைக்குக் கண்ணாடியிலயும் நல்லாத்தான் இருந்துச்சு. அவ குரல் நின்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும், அதான் கறுத்துப்போற திரையாக் கேட்டேன். இந்த டப்பா அவ எங்க இருக்கான்னு சொல்ல மாட்டேங்குது. பின்னால இல்லைன்னு மட்டும்தான் காட்டுது."

நான்கு மாதம் கடை கடையாக ஏறி இறங்கிய நிபுணனுக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. மனிதர் கேமரா தேடவேயில்லை. பயந்து போய்க் கிடந்திருக்கிறார். அதை வெளியே சொல்லத் தெரியாமல் அகலம் அதிகம், மூலை தெரியவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்த என் வாயை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அத்தான் என்னிடம் கையை நீட்டினார். "ஸ்குரூ டிரைவரக் குடு."

கொடுத்தேன். நான் இரண்டு நாள் உட்கார்ந்து மாட்டிய திரையை, இரண்டே நிமிடத்தில் கழற்றிவிட்டார். பக்கத்து இருக்கையைப் பார்க்கும்படி அதைத் திருப்பி மறுபடி முடுக்கினார். இப்போது ஓட்டுகிறவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. கேமரா கண்டுபிடித்தவன் பார்த்திருந்தால் அழுதிருப்பான்.

பிறகு ஜன்னல் வழியாகத் திண்டைப் பார்த்து, "இந்தா, இங்க வா" என்றார். "ஏறி உக்காரு."

அக்கா மெதுவாக எழுந்து வந்தாள். "எதுக்கு? அதான் டப்பா இருக்கே."

"டப்பாவ நீ பாரு. நான் உன்னக் கேக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள், திரும்பி நிற்கிற திரையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். அந்தக் கை மறுபடி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது. ஏறிக் கதவைச் சாத்தினாள். மூக்குக்கு முன்னால் இருக்கிற ஆளிடம், முப்பத்தாறு அடிக்கு அப்பால் கேட்கும் குரலில் ஆரம்பித்தாள். "வீட்டுப் பக்கம் கொஞ்சம், வீட்டுப் பக்கம், போதும், வாங்க வாங்க."

வண்டி சந்துக்குள் போனது. ஒரே தடவையில், சுவரில் ஒரு கீறல் இல்லாமல். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து எந்தக் கேமரா என்று கேட்டார். அவருக்கு நான் என்னவென்று சொல்வது?

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பந்தல்காரர் வேறு டிரெய்லர் வாங்கிவிட்டார். கேமரா இன்னும் நன்றாக வேலை செய்கிறது, அத்தான் இன்றுவரை அதைப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கியரைப் பின்னால் போடும் முன் ஒரு கேள்வி கேட்பார். பக்கத்து இருக்கையில், கதவைச் சாத்திக்கொண்டு, அவர் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் கேட்பார்.

"ரெண்டு காலும் உள்ள இருக்கா?"

எதைக் கேட்டாலும் திருப்பி இரண்டு கேட்கிற என் அக்கா, அதற்கு மட்டும் "இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்பாள்.