சனிக்கிழமை எண்ணெய் குடித்த கார்

ராஜா ஆட்சி முடிந்து சமஸ்தானம் போன மறு வருசம், அரிமளத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு மோட்டார் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் எந்த இஞ்சினும் என்னிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை.

கொட்டகை நின்ற மனை ஊர்ப் பண்ணையாருடையது. அவர் வீட்டில் கப்பலில் வந்திறங்கிய பழைய கார் ஒன்று இருந்தது. உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நிறுத்தியவர் பிறகு எடுக்கவே இல்லை. இப்போது மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வேண்டுமாம்.

திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். கால்சட்டை, கக்கத்தில் இங்கிலீஷ் புத்தகம். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான், அசையவில்லை. புத்தகத்தைப் புரட்டினான்.

"துருப்பிடிச்சு இறுகிருச்சு சார். வேற இஞ்சின் சீமையிலேருந்துதான் வரணும்."

புத்தகத்தில் மூக்கை வைத்தவன் இஞ்சினில் வைக்கவில்லை. வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் வைத்தேன். பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இதுக்குள்ள நல்லெண்ணெய் ஊத்துனது யாருங்க?"

பண்ணையார் நெஞ்சை நிமிர்த்தினார். "நாந்தான் ஊத்தச் சொன்னேன். சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கையில அதுக்கும் ஒரு கரண்டி. சூடு தணிய வேணாமா?"

"சீயக்கா போட மறந்துட்டீங்களே."

அவர் முகம் கறுத்தது. "ரொம்பப் பேசுறே. கல்யாணத்துக்குள்ள ஓட்டிக் காட்டு, கொட்டகை நிக்கிற எடத்த ஒனக்கே எழுதித் தாரேன். ஓடலேன்னா பிரிச்சுக்கிட்டு ஊரை விட்டே போயிரணும்."

"சரிங்க" என்றேன்.

வருசக்கணக்கில் ஊற்றிய எண்ணெய் பிசினாகிப் பிஸ்டனைப் பிடித்திருந்தது. செக்கடியில் வளர்ந்தவனுக்கு அந்தச் சிக்கு வாடை தெரியாதா? பிளக் துளை வழியே மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டேன். பிறகு ஆணி ஆணியாகப் பிரித்து, நெல் அவிக்கிற அண்டாவில் சோடாக்காரம் கரைத்து உருப்படிகளை வேகவைத்தேன். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தேன். திருச்சிக்காரன் சொன்ன துருவைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாவம், அது அவன் புத்தகத்தில்தான் இருந்திருக்கும்.

அழைப்பு அன்று ஒரே சுற்றில் இஞ்சின் ஓடத் தொடங்கியது.

பண்ணையார் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, அந்த மனை..."

"இங்கிட்டு நின்னு பேசுற நேரமா இது? கல்யாணம் முடியட்டும், பேசிக்கலாம்."

பெரிய மனிதர்களின் 'பேசிக்கலாம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இஞ்சினை அணைத்து, சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டேன்.

மேளம் நின்றது. சம்பந்தி வீட்டார் பண்ணையார் முகத்தைப் பார்த்தார்கள். பண்ணையார் பல்லைக் கடித்துக்கொண்டு தாள் கொண்டுவரச் சொல்லி, பானெட்டின் மேலேயே வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுக்க. படிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியுங்க. கொஞ்சம் நேரமாகும்."

எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். அவசரப்படவே இல்லை. மாப்பிள்ளைதான் உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தார்.